தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை ஹோமில் சேர்ப்பதற்கு முன்

பெண்ணாகரம், அரூர், அஞ்செட்டி பக்கத்து ஊர்களில் ஒரு வீட்டில் தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட்டால், காரியம் முடிவதற்குள் யாராவது அந்தப் பேச்சை எடுத்துவிடுவார்கள். "புள்ளைங்கள ஏதாவது ஹோம்ல சேத்துடு ஆயா. சோறு, துணி, படிப்பு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க." நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆயாவுக்கு வயதாகிவிட்டது, நூறு நாள் வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும். அவரும் தலையாட்டிவிடுகிறார்.

பிள்ளையை இல்லத்தில் வைப்பதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. பெற்றோர் இல்லையென்றால் சொந்தக்காரர், அதுவும் இல்லையென்றால் வேறொரு குடும்பத்தில் விட்டு வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்பு, தத்து. இவை எதற்கும் வழியில்லாதபோதுதான் இல்லம். இங்கே நடப்பது பெரும்பாலும் தலைகீழ். ஹோமில் இருக்கும் பிள்ளைகள் பலருக்கு அம்மாவோ ஆயாவோ சித்தப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். வளர்க்க மனமில்லாமல் யாரும் அனுப்பவில்லை. கையில் காகிதம் இல்லை, காசு இல்லை, பெண்பிள்ளை என்றால் தைரியமும் இல்லை. இந்த மூன்றையும் இந்த வரிசையிலேயே சரிசெய்துகொண்டு போனால் முக்கால்வாசிப் பிள்ளைகள் அவரவர் கொட்டாயிலேயே வளர முடியும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

முதல் காகிதம் இறப்புச் சான்று. நம் மாவட்டங்களில் அதிகம் சிக்குவதும் இதுதான். கம்பி கட்டவும் சென்ட்ரிங் போடவும் பெங்களூரு போனவர் அங்கேயே இறந்துபோகிறார். உடலை ஆம்புலன்ஸில் ஏற்றி ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்துவிடுகிறார்கள். பிறகு விஏஓவிடம் போனால் அவரால் பதிய முடியாது. ஒருவர் எந்த ஊரில் இறந்தாரோ அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் இறப்பைப் பதிய வேண்டும், அடக்கம் செய்த ஊரில் அல்ல. 21 நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை. நாள் ஆக ஆகத் தாமதக் கட்டணம், மேலதிகாரி அனுமதி என்று நீளும். ஓராண்டைத் தாண்டினால் தனியாக உத்தரவு வாங்க வேண்டிவரும். ஆகவே உடலோடு திரும்பும் வண்டியில் ஏறும் முன்பே மேஸ்திரியையோ உடன் வேலை செய்தவரையோ பொறுப்பாக்கி, ஆஸ்பத்திரிச் சீட்டு, விபத்தென்றால் எஃப்ஐஆர் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை மூன்றையும் வாங்கச் சொல்லிவிட வேண்டும்.

சான்று வந்ததும் பெயரின் எழுத்தைப் பாருங்கள். கர்நாடகத்தில் எழுதும்போது முருகேசன் 'முருகேஷ்' ஆகிவிடுகிறார், தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப் பெயர் உட்கார்ந்திருக்கிறது. ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளையின் பிறப்புச் சான்று மூன்றிலும் உள்ளபடி எழுத்து இல்லையென்றால் உடனே திருத்தக் கேட்க வேண்டும். வாரிசுச் சான்று கேட்கும் நாளில்தான் இது தெரியவருகிறது. அப்போது மறுபடி பெங்களூருக்கு யார் போவது?

தகப்பன் இறக்கவில்லை, காணாமல் போய்விட்டார் என்றால் வழி வேறு. காவல் நிலையத்தில் காணவில்லை என்று புகார் கொடுத்து, பதிவு நகலைப் பத்திரமாக வைக்க வேண்டும். ஏழு ஆண்டு தகவலே இல்லாமல் இருந்தால்தான் இறந்தவராகக் கருதச் சட்டம் இடம் கொடுக்கிறது, அந்த ஏழு ஆண்டு எப்போது தொடங்கியது என்பதற்கு அந்தப் புகார்தான் சாட்சி. அம்மா வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார் என்றாலும் பிள்ளைக்கு உதவி இல்லை என்று ஆகாது. குடும்பம் கைவிட்ட பிள்ளைகளும் அரசின் மாத நிதி ஆதரவுக்குத் தகுதியானவர்களே.

இறந்தவரின் போன். இதை யாரும் யோசிப்பதில்லை. சிம் தொண்ணூறு நாள் பயன்பாடு இல்லாமல் கிடந்தால் எண் போய்விடும். அந்த எண்ணோடு வங்கி, பிள்ளையின் ஆதார், பள்ளி எமிஸ் பதிவு, எரிவாயு எல்லாம் கட்டப்பட்டிருக்கும். ஓடிபி வராமல் ஒவ்வொரு வேலையும் நிற்கும். குறைந்த கட்டணத்தில் ரீசார்ஜ் செய்து எண்ணை உயிரோடு வைத்துக்கொண்டு, ஆதார் மையத்தில் பிள்ளையின் ஆதாருக்கு ஆயா அல்லது சித்தப்பாவின் எண்ணை மாற்றிவிடுங்கள். அப்படியே அதிலிருக்கும் போட்டோக்களையும் வாட்ஸப் குரல் பதிவுகளையும் வேறொரு போனுக்கு எடுத்துவையுங்கள். "சாப்டியா கண்ணு, அப்பா சனிக்கிழமை வந்துடுவேன்" என்ற பத்து நொடிக் குரல் அந்தப் பிள்ளைக்குப் பெரிய சொத்து. போனை விற்றபிறகு அதை யாராலும் திருப்பித் தர முடியாது.

அடுத்தது வர வேண்டிய பணத்தைத் தேடுவது. பெற்றோர் இருவரின் பாஸ்புக்கிலும் வரவு செலவைப் பதிவிட்டு வாங்கி, ஆண்டுக்கு ஒருமுறை 436 ரூபாய் அல்லது 20 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று தேடுங்கள். 436 என்றால் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் 2 லட்சம். 20 என்றால் சுரக்ஷா விபத்துக் காப்பீடு. விபத்துச் சாவுக்கு 2 லட்சம். வங்கி தானாகக் கூப்பிட்டுக் கொடுக்காது, கேட்டால்தான் உண்டு. நாமினி என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் போட்டிருப்பார்கள். இருவரும் இல்லாதபோது வாரிசுச் சான்று கேட்பார்கள்.

குழுக் கடன் விஷயத்தில் அவசரப்படவே கூடாது. வாரம் தவறாமல் வரும் நுண்கடன்காரர், "மக கட்டலைன்னா நீங்க கட்டணும்" என்று ஆயாவிடம் நிற்பார். ஆடு விற்றுக் கட்டிய ஆயாக்கள் உண்டு. இந்தக் கடன்களில் பெரும்பாலானவற்றுக்குக் கடன் கொடுக்கும்போதே ஆயுள் காப்பீடு பிடித்திருப்பார்கள். கடனாளி இறந்தால் பாக்கியைக் காப்பீடு அடைக்கும். கடன் அட்டையையும் பணம் தந்த நாளின் ரசீதையும் எடுத்துக் காப்பீடு என்று ஏதாவது தொகை பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இறப்புச் சான்றை எழுத்துமூலம் கொடுத்து ஒப்புகை வாங்கும்வரை ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை.

ஓசூர் கம்பெனியில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்த்திருந்தாலும் பிஎஃப் பிடித்திருந்தால் மூன்று விதமான பணம் இருக்கிறது. சேர்ந்திருக்கும் தொகைக்குப் படிவம் 20, காப்பீட்டுக்கு 5-ஐஎஃப், ஓய்வூதியத்துக்கு 10-டி. முதலிரண்டை வாங்கிக்கொண்டு மூன்றாவதை விட்டுவிடுகிற குடும்பங்களே அதிகம். இருவரும் இல்லாத பிள்ளைக்கு அனாதை ஓய்வூதியம் மாதாமாதம் உண்டு, ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு, 25 வயதுவரை. சாலை விபத்து என்றால் நஷ்டஈட்டு மனுவை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்றில்லை. குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே போடலாம். ஆனால் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள், தாமதித்தால் அதுவே எதிர்த்தரப்புக்கு வாதமாகிவிடும். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். பிள்ளை பெயரில் வரும் நஷ்டஈட்டை 18 வயதுவரை வங்கி வைப்பில் போடச் சொல்வதே நீதிமன்ற வழக்கம். அதைக் கையில் வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

நிலம் இருந்தால் இன்னும் கவனம். வாரிசுச் சான்றில் எல்லாப் பிள்ளைகள் பெயரும் இருக்கிறதா, பெண்பிள்ளை பெயரை விட்டிருக்கிறார்களா என்று மனுப் போடும்போதே பாருங்கள். "பொண்ணுக்கு எதுக்குப் பங்கு" என்று பங்காளிகள் சொன்னால், தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்குப் பங்கு வந்துவிட்டது என்று சொல்லுங்கள். சித்தப்பாவோ தாய்மாமனோ பிள்ளையை வளர்க்கிறார் என்பதால் பிள்ளையின் நிலத்தை விற்கும் உரிமை அவருக்கு வந்துவிடாது. பெற்ற தகப்பனே உயிரோடு இருந்தாலும் மைனர் நிலத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது என்பது 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம். ஆயாவிடம் வெற்றுத்தாளில் கைரேகை வாங்குவதுதான் வழக்கமான தந்திரம். ஆண்டுக்கு ஒருமுறை வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துக்கொண்டால் போதும், ஏதாவது நடந்தால் தெரிந்துவிடும்.

இப்போது மாதச் செலவு. மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. தாய் தகப்பன் இல்லாமல் சொந்தக்காரரிடம் வளரும் பிள்ளை, விதவைத் தாயின் பிள்ளை, பெற்றோர் படுத்த படுக்கையான பிள்ளை எல்லோருக்கும் பொருந்தும். மாநில அரசின் அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். 2025 செப்டம்பரில் தொடங்கியது. எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டு மனுப் போட வேண்டும். அஞ்செட்டியிலிருந்து கிருஷ்ணகிரிக்கோ சித்தேரியிலிருந்து தருமபுரிக்கோ போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் முதலில் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசி, என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு ஒரே நடையாகப் போங்கள். இறப்புச் சான்று, பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, பள்ளியில் படிப்பதற்கான சான்று, வங்கிப் புத்தகம், போட்டோ. இவற்றில் மூன்று நகல் எடுத்து ஒரு பையில் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. மனு நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். இரண்டு மாதமாகியும் பதில் இல்லையென்றால் அந்த நகலோடு திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகலாம்.

மனு மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. ரேஷன் கார்டில் இறந்தவர் பெயரை நீக்கி, பிள்ளை பெயரையும் அந்தக் கார்டிலிருந்து எடுத்தால்தான் ஆயா கார்டில் சேரும். பிள்ளைக்கு ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் ஆதாரில் கைரேகை புதுப்பிக்க வேண்டும். விட்டிருந்தால் வங்கியில் தள்ளுபடி ஆகும். பிள்ளை பெயரில் இரண்டு கணக்கு இருந்தால் கடைசியாக எதில் ஆதாரை இணைத்தார்களோ அதில்தான் பணம் விழும். "பணமே வரலை" என்று வருபவர்களில் பலருக்கு, பள்ளியில் உதவித்தொகைக்காகத் தொடங்கி மறந்துபோன கணக்கில் பணம் தூங்கிக்கொண்டிருக்கும். பாட்டியைக் காப்பாளராக ஏற்க வங்கி மறுத்தால், குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு நகலைக் காட்டுங்கள். பத்து வயது முடிந்த பிள்ளை தன் கணக்கைத் தானே இயக்கவும் ரிசர்வ் வங்கி விதியில் இடம் இருக்கிறது.

குழந்தைகள் நலக் குழு என்பது ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது, நடுவர் நீதிமன்ற அதிகாரம் உள்ளது. பிள்ளையை அங்கே கொண்டுபோனால் பிடித்துவைத்துக்கொள்வார்கள் என்று ஆயாக்கள் பயப்படுகிறார்கள். பிள்ளையை ஆயாவிடமே ஒப்படைத்து எழுத்தில் உத்தரவு கொடுப்பதும் அந்தக் குழுவின் வேலைதான். அந்த ஒரு தாள் பள்ளி, வங்கி, ஆதார் மையம் எல்லா இடத்திலும் கைகொடுக்கும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசினால், மொழி தெரிந்த ஒருவரைக் கேட்டு வாங்குங்கள். தமிழில் கேட்ட கேள்விக்குத் தலையாட்டியதையெல்லாம் வாக்குமூலம் என்று எழுதிவிடக் கூடாது.

பள்ளியைப் பொறுத்தவரை, பெங்களூரில் கன்னடத்தில் நான்காவது படித்த பிள்ளை ஊருக்கு வந்தால் டிசி இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. எட்டாம் வகுப்புவரை எந்த மாதத்திலும், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம். தமிழ் எழுத்துக் கற்றுக்கொடுக்கத் தனிப் பயிற்சியும் அதில் உண்டு. சேர்ந்த பிறகுதான் கண் வைக்க வேண்டும். திங்கட்கிழமையும் சந்தை நாளும் வராமல் இருக்கிறது என்றால் ஆடு மேய்க்கப் போகிறது என்று அர்த்தம். நீண்ட நாள் வராவிட்டால் அந்த 4,000 ரூபாயும் நின்றுபோகும் என்பதை ஆயாவுக்கும் பிள்ளைக்கும் ஆசிரியரே சொல்லிவைப்பது நல்லது.

பிள்ளையிடம் "அம்மா ஊருக்குப் போயிருக்கா" என்று சொல்லாதீர்கள். அது வாசலிலேயே காத்திருக்கும். செத்துப்போய்விட்டாள், இனி வரமாட்டாள், நான் இருக்கிறேன் என்று நேராகச் சொல்வதுதான் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் மரியாதை. ஏழெட்டு வயதுப் பிள்ளை மறுபடி படுக்கையில் சிறுநீர் கழிக்கும், சோற்றை ஒளித்துவைக்கும், சின்னதுக்கெல்லாம் அடிக்கும். அடித்துத் திருத்தும் விஷயம் இல்லை இது. தினமும் ஒரே ஆள் பக்கத்தில், ஒரே இடத்தில் படுக்க வையுங்கள். சில மாதங்களில் தணியும்.

பெண்பிள்ளை என்றால் ஆயாவின் பயம் வேறு. "நான் கண்ணை மூடுறதுக்குள்ள ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துடணும்." பத்தாம் வகுப்பு முடியும் சமயம்தான் அந்தப் பேச்சு வரும், பெரும்பாலும் தாய்மாமனுக்கு. வரதட்சணை வேண்டாம் என்பார்கள், அதுதான் ஆயாவை அசைக்கும். கஸ்தூரிபா உண்டு உறைவிடப் பள்ளியோ அரசு விடுதியோ பார்த்துச் சேர்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். பிளஸ் டூ முடித்துக் கல்லூரி சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும் என்பதும் வீட்டில் எடுபடும் வாதம். பேச்சு மீறிப்போனால் 1098 அல்லது மாவட்டச் சமூக நல அலுவலர். அவர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். கல்யாணத்தை நிறுத்தி எழுதி வாங்கியதோடு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்து எல்லை தாண்டி ஏதாவது கோயிலில் தாலி ஏறிவிடுகிறது. அதைத் தடுக்க, நடுவர் நீதிமன்றத்தில் 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவில் தடையுத்தரவு கேட்க வேண்டும். உத்தரவை மீறி நடந்த கல்யாணம் சட்டப்படி செல்லவே செல்லாது.

இவ்வளவு சொன்னாலும், வீட்டில் வைக்கவே கூடாத பிள்ளைகள் உண்டு. வளர்க்கும் வீட்டில் குடித்துவிட்டு வருபவர் யார், ராத்திரி பிள்ளை யார் பக்கத்தில் தூங்குகிறது என்று கட்டாயம் கேளுங்கள். பிள்ளை ஒரு ஆளைக் கண்டால் ஒதுங்குகிறது, வீட்டுக்குப் போக மறுக்கிறது என்றால் விசாரித்து நிச்சயப்படுத்திக்கொண்டுதான் சொல்ல வேண்டும் என்றில்லை. சந்தேகம் வந்தாலே போக்சோ சட்டப்படி தகவல் சொல்வது கடமை. திரும்பத் திரும்ப எல்லோரும் கேட்டுப் பிள்ளையை நோகடிக்காதீர்கள். பிள்ளை இருக்கும் இடத்துக்கே, சீருடை இல்லாமல் போலீஸ் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். ராத்திரியில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கவே கூடாது.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு இல்லம்தான் பாதுகாப்பு. அதற்கும் நேராகக் கொண்டுபோய் விடக் கூடாது. குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு வேண்டும், 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் இதில் சேராது. குழு கூடாத நாளில் ஒரு உறுப்பினர் முன் நிறுத்தினாலும் போதும். இல்லத்துக்குப் போனதும் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், தேதி முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். படுக்கும் அறையில் பிள்ளைக்கு 40 சதுர அடி, ஏழு பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை என்பது விதி. கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று தள்ளிப் பாருங்கள். வரவேற்பறையைவிட அது அதிகம் சொல்லும். பிள்ளைக்கென்று தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதியிருக்கிறார்களா, அண்ணன் ஒரு இல்லம் தங்கை ஒரு இல்லம் என்று பிரிந்தால் எந்தக் கிழமை பார்க்க விடுவார்கள், பண்டிகைக்கு விடுப்பில் ஆயா வீட்டுக்கு அனுப்புவார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

பிறந்த சிசுவைக் கண்டெடுத்தால் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். துணியால் சுற்றி நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரைத் தண்ணீரோ பசும்பாலோ வாயில் விட வேண்டாம். 2001-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தருமபுரிக்கு வந்த காலத்திலிருந்தே, வளர்க்க முடியாத தாய் பிள்ளையைச் சாகவிடாமல் ஒப்படைக்க வழி இருக்கிறது. குழுவிடம் ஒப்படைத்தால் மனம் மாறித் திரும்பக் கேட்கவும் இரண்டு மாத அவகாசம் உண்டு. "கொழந்தை இல்லாத நல்ல குடும்பம்" என்று தெரிந்தவருக்குத் தூக்கிக் கொடுத்தால், கொடுத்தவர் வாங்கியவர் இருவர் மேலும் வழக்கு வரும்.

இன்னொன்றை இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். விபத்துச் செய்தி வந்த அன்றே, அழுகிற பிள்ளையின் போட்டோவை ஜிபே எண்ணோடு வாட்ஸப்பில் பரப்பிவிடுகிறார்கள். அப்படி அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி குற்றம், ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிட, கையில் பணம் இருக்கும் அனாதைப் பெண்பிள்ளை இந்த ஊரில் இருக்கிறது என்று தெரியக் கூடாதவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. உதவ நினைத்தால் ஊர்ப் பெரியவர் இரண்டு பேர் முன்னிலையில் வசூலித்து, பிள்ளை பெயரில் அஞ்சலகத்தில் வைப்பாகப் போடுங்கள்.

பதினேழு வயது முடியும்போது எல்லாத் தாளையும் பிள்ளையோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். வைப்புத்தொகை எந்த வங்கியில், எப்போது முதிர்கிறது, நிலத்தின் சர்வே எண் என்ன என்று பிள்ளையே எழுதிக்கொள்ளட்டும். இல்லத்தில் வளர்ந்த பிள்ளை என்றால் 18-க்குப் பிறகு 21 வயதுவரை பின்தொடர் பராமரிப்பு உதவி கேட்கலாம், மனுவை முன்கூட்டியே போட வேண்டும். மைனராக இருந்தபோது நிலத்தை யாராவது நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், 18 முடிந்து மூன்று ஆண்டுக்குள் அந்த விற்பனையை ரத்து செய்ய வழக்குப் போட வேண்டும். 21 முடிந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடக்கூடும்.